புதுச்சேரில எண்ணெய்ல பொரிக்காத வியட்நாம் ரோல் எங்க நல்லா கெடைக்கும்?

மஞ்சக்குப்பம்வாசி:

வணக்கம் மக்களே. நான் கடலூர். போன வருஷக் கடைசில குடும்பமா வியட்நாம் டூர் போயிட்டு வந்தோம். சைகோன்ல, அதான் இப்ப ஹோ சி மின் சிட்டி, அங்க தெருவுக்குத் தெரு ஒரு ரோல் விக்கிறாங்க, கோய் குவோன்னு பேரு. அரிசில செஞ்ச மெல்லிசான ஷீட்டை தண்ணில நனைச்சு அதுக்குள்ள ரைஸ் நூடுல்ஸ், வேகவச்ச எறா, பன்னிக்கறி, புதினா, இன்னும் என்னென்னமோ தழை எல்லாம் வச்சு சுருட்டி அப்படியே குடுத்துடறாங்க, அடுப்புல எண்ணெய் சட்டியே கெடையாது. தொட்டுக்க வேர்க்கடலை சாஸ்.

எங்கப்பாவுக்கு ஸ்டென்ட் வச்சிருக்கு, எண்ணெய்ப் பலகாரமே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நல்லா சாப்பிட்ட மனுஷன், இப்ப தட்டு முன்னாடி உக்காந்தாலே முகம் வாடிப்போகுது. ஆனா இந்த ரோலை மட்டும் அங்க இருந்த வரைக்கும் அவரே கேட்டு வாங்கி சாப்பிட்டாரு, ஊருக்கு வந்தும் அதையே தான் கேக்கறாரு.

கடலூர்ல ஸ்பிரிங் ரோல்னு கேட்டா கோஸ் வச்சு பொரிச்சது தான் வருது. பாண்டி நமக்கு பக்கம் தானே, பிரெஞ்சுக்காரன் இருந்த ஊரு, அங்க வியட்நாம் சாப்பாடு உண்டுன்னு எல்லாரும் சொல்றாங்க. எந்தப் பக்கம் போய் தேடணும்? அப்பாவை கூட்டிக்கிட்டு வரலாம்னு இருக்கேன், கொஞ்சம் விவரமா சொல்லுங்க.


ரெயின்போநகர்:

ப்ரோ, கடை பேரு சொல்றதை விட எப்படி விசாரிக்கணும்னு சொல்றது தான் உங்களுக்கு உபயோகம், ஏன்னா இங்க செஃப் மாறினா மெனுவே மாறிடுது, இன்னைக்கு இருக்கிற ஐட்டம் ஆறு மாசம் கழிச்சு இருக்காது. ரெண்டு ஏரியா பாருங்க. ஒண்ணு ஒயிட் டவுன், துமா வீதி, ரோமன் ரோலண்ட் வீதி, அந்தச் சுத்துவட்டாரத்துல ஏசியன் மெனு வச்சிருக்கிற ரெஸ்டாரன்ட்ஸ். இன்னொண்ணு ஈசிஆர்ல இருந்து ஆரோவில்லுக்கு திரும்பற ரோடு, குயிலாப்பாளையம் கஃபே எல்லாம்.

மெனுல ஸ்பிரிங் ரோல்னு மட்டும் போட்டிருந்தா அது மைதா ஷீட்ல சுத்தி பொரிச்ச சைனீஸ் ஐட்டம் தான். உங்களுக்கு வேண்டியது சம்மர் ரோல், ஃப்ரெஷ் ரோல், ரைஸ் பேப்பர் ரோல், இந்த மாதிரி பேர்ல இருக்கும். கிளம்பறதுக்கு முன்னாடி போன் போட்டு, ஆர்டர் குடுத்தப்புறம் தான் சுத்துவீங்களா இல்ல காலைல சுத்தி ஃப்ரிட்ஜ்ல வச்சிருப்பீங்களான்னு கேட்டுடுங்க. ஃப்ரிட்ஜ்ல வச்சதுன்னா வேணாம், அந்த அரிசி ஷீட்டு காஞ்சு ரப்பரா இழுக்கும், பெரியவங்களுக்கு மெல்லவே முடியாது. தொட்டுக்க என்ன தருவீங்கன்னும் கேளுங்க. கடலை சாஸோ ஃபிஷ் சாஸ் எலுமிச்சையோ சொன்னாங்கன்னா தைரியமா போங்க. பாட்டில்ல வர்ற ஸ்வீட் சில்லி சாஸ் தான்னா அந்தக் கடைக்கு இந்த ஐட்டம் மேல பெருசா அக்கறை இல்லன்னு அர்த்தம்.

சனி ஞாயிறு வராதீங்க, சென்னை கூட்டம் ரொம்பி வழியும், கிச்சன்ல யாருக்கும் நின்னு பொறுமையா சுத்த நேரம் இருக்காது. வார நாள்ல மதியம் வாங்க.


சைகோன்வீட்டுப்பொண்ணு:

தம்பி, அப்பாவுக்காக இவ்வளவு மெனக்கெடறீங்க, அதனால தான் நானும் உக்காந்து பெருசா எழுதறேன். இதை ஹோட்டல்ல தேடறதுக்கு முன்னாடி பாண்டி வீடுங்கள்ல தேடுங்க. இந்த ஊருக்கு வியட்நாம் சாப்பாடு வந்ததே வீடு வழியா தான்.

எங்க தாத்தா பிரெஞ்சு காலத்துல சைகோன்ல சுங்க இலாகால வேலை பாத்தவரு. அப்ப பாண்டி, காரைக்கால்ல இருந்து எத்தனையோ குடும்பம் அப்படி போச்சு. 1881ல பிரெஞ்சு அரசாங்க ஆணை ஒண்ணு வந்துச்சு, நம்ம சாதி மத வழக்கச் சட்டத்தை விட்டுக்குடுத்துட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள்ள வர்றோம்னு எழுதிக் குடுக்கலாம்னு. அப்படி எழுதிக் குடுத்தவங்களை ரெனோன்சான்னு சொல்லுவாங்க. அவங்க தான் இந்தோசீனா, அதாவது வியட்நாமும் சுத்தி இருந்த பிரெஞ்சு நாடுகளும், அங்க போய் ஆபீஸ் கிளார்க்கு, போலீஸ், ஜெயில், கோர்ட்டு, பட்டாளம்னு எல்லா வேலையிலயும் இருந்தாங்க. அங்கேயே வியட்நாம் பொண்ணை கட்டிக்கிட்டவங்களும் உண்டு, எங்க பாட்டியும் அந்த ஊர்ப் பொண்ணு தான். 1954 மே மாசம் வியட்நாம்ல தியென் பியென் பூங்கற ஊர்ல பிரெஞ்சுப் படை தோத்துச்சு, அதே வருஷம் நவம்பர் 1ம் தேதி பாண்டியும் இந்தியா கைக்கு வந்துச்சு. அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா அங்க இருந்த குடும்பங்க பாண்டிக்கும் பிரான்சுக்கும் பிரிஞ்சு போனாங்க, கடைசி வரைக்கும் அங்கேயே இருந்தவங்க 1975 ஏப்ரல்ல சைகோன் விழுந்தப்ப கிளம்பினாங்க. சட்டி பானை கூட எடுத்துக்காம வந்தவங்க இருக்காங்க, ஆனா சமையல் கையோட வந்துடுச்சு.

அதனால பாண்டில கிறிஸ்துமஸ், புதுநன்மை, கல்யாணம்னா சில வீட்ல நெம் இல்லாம பந்தி கெடையாது. நெம்ங்கறது பொரிச்ச ரோல், உள்ள கறி, எறா, கண்ணாடி சேமியா, காளான் வச்சது. அதை மொத்தமா சுத்தி ஃப்ரீசர்ல வச்சுக்கலாம், எங்க வேணா கொண்டு போலாம், அதனால ஆர்டருக்கு செஞ்சு விக்கிறவங்க எல்லாரும் நெம் தான் செய்யறாங்க. நீங்க கேக்கற பொரிக்காத ரோல் விலைக்கு கம்மியா கெடைக்கிறதுக்கும் இதான் காரணம், அது சுத்தின உடனே சாப்பிடற பொருள். எங்க வீட்ல மேஜை நடுவுல ஒரு பெரிய தட்டு நெறைய தழை, பக்கத்துல ஒரு அகலமான கிண்ணத்துல தண்ணி, ரைஸ் பேப்பர் கட்டு, எறா, கறி எல்லாம் வச்சுடுவாங்க, அவங்கவங்க நனைச்சு அவங்கவங்களே சுத்தி சாப்பிடணும். பாட்டி எங்க எல்லாருக்கும் முன்னாடி ரெண்டு சுத்தி முடிச்சுடுவாங்க. வெளியில எங்கயும் அந்த ருசி எனக்கு வந்ததில்ல, கடைக்காரங்க மேல குறை சொல்லல, சுத்தின கை வாய்க்கு அவ்வளவு பக்கத்துல இருக்கணும், அதான் விஷயம்.

நீங்க செய்ய வேண்டியது, ஜென்மராக்கினி மாதா கோயில் பக்கமோ, பிரெஞ்சு பென்ஷன் வாங்கற குடும்பம் யாராச்சும் தெரிஞ்சவங்க இருந்தா அவங்ககிட்டயோ, வீட்ல நெம் செஞ்சு குடுக்கறவங்க யாருன்னு கேளுங்க. ஒருத்தர் ரெண்டு பேர் நம்பர் கண்டிப்பா கெடைக்கும். அவங்ககிட்ட பொரிக்காத ரோலும் செய்வீங்களான்னு கேளுங்க, ரெண்டு நாள் முன்னாடி சொன்னா பெரும்பாலும் செஞ்சு தருவாங்க, அப்பா உடம்பு விஷயம் சொன்னீங்கன்னா வீட்லயே உக்கார வச்சு போடறவங்களும் இருக்காங்க.


ஒதியஞ்சாலை:

எனக்கு ஒரு விஷயம் புரியல. பாண்டிக்கு வந்துட்டு நெம் சாப்பிடாம இந்த வெறும் இலை ரோலைத் தேடறது ஏன்? நெம் தான் நம்ம ஊரு ஐட்டம். சூடா பொரிச்சு, லெட்டூஸ் இலைல புதினாவோட சுத்தி, நுவாக் மாம்ல, அதான் ஃபிஷ் சாஸ்ல, முக்கி சாப்பிட்டா அதுக்கு ஈடே கெடையாது. அந்தப் பச்சை ரோலை எல்லாம் டயட் இருக்கறவங்களுக்காக கஃபேக்காரங்க கொண்டு வந்தது.


சைகோன்வீட்டுப்பொண்ணு:

ஒதியஞ்சாலை அண்ணா, அவங்கப்பாவுக்கு எண்ணெய் கூடாதுன்னு தானே கேள்வியே. அப்புறம், கஃபேக்காரங்க கொண்டு வந்ததுன்னு சொல்லாதீங்க அண்ணா, கோய் குவோன் சைகோன் பக்கத்து சாப்பாடு, தெற்கு வியட்நாம்ல நெம்மை சாய் யோன்னு சொல்லுவாங்க, ரெண்டும் ஒரே மேஜைல தான் இருக்கும். எங்க வீட்ல வெயில் காலத்துல பச்சை ரோல் தான், மே மாசத்துல யாரு அடுப்படில நின்னு பொரிக்கறது.


காரைக்கால்துறை:

காரைக்கால்லயும் சைகோன் போயிட்டு வந்த குடும்பங்க இருக்கு, எங்க பெரியத்தா வீட்ல இன்னும் செய்வாங்க. எங்க வீடுகள்ல பன்னிக்கறி கெடையாது, எறாவும் கோழியும் தான், அதனால அசல் இல்லன்னு யாரும் நினைக்க வேணாம். சைகோன்ல தோங் யூ தெருவுல ஒரு பள்ளிவாசல் இருக்கு, 1935ல நம்ம பக்கத்து தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டினது, டூர்ல பாத்தீங்களா? அங்க மாரியம்மன் கோயிலும் இருக்கு, தமிழ் ஆளுங்க கட்டினது, இப்ப வியட்நாம்காரங்களே வந்து கும்பிடறாங்க.


லாஸ்பேட்டைசமையல்:

எல்லாரும் எங்க வாங்கறதுன்னு சொல்லிட்டீங்க, நான் செய்யறதைச் சொல்றேன், ஏன்னா அங்கிளுக்கு அடிக்கடி வேணும்னா கடலூர்ல இருந்து ஒவ்வொரு தடவையும் வண்டி எடுத்துக்கிட்டு வர முடியாது, இதுல கஷ்டமான வேலைன்னு ஒண்ணும் இல்ல, பொருள் மட்டும் சரியா இருக்கணும்.

ரைஸ் பேப்பர் ஆன்லைன்ல கெடைக்குது, பாண்டில பெரிய சூப்பர் மார்க்கெட்லயும் சில சமயம் இருக்கும். வாங்கும்போது பின்னாடி பாருங்க, அரிசியும் மரவள்ளி மாவும் சேந்திருக்கணும், மரவள்ளி தான் அதுக்கு இழுவை குடுக்கறது, வெறும் அரிசி மட்டும்னா மடிக்கும்போது கிழியும். அந்த ஊர்ல இதை எப்படி செய்யறாங்கன்னா கொதிக்கிற பானை வாய்ல துணி கட்டி அதுமேல மாவை மெல்லிசா ஊத்தி ஆவில வேகவச்சு மூங்கில் தட்டில காய வைக்கறாங்க, நம்ம இலை வடாம் போடற மாதிரியே தான், அதனால தான் ஷீட்ல மூங்கில் தட்டோட கட்டம் கட்டமா அச்சு இருக்கும். 22 சென்டிமீட்டர் சைஸ் வாங்குங்க, சின்னதுன்னா சுத்த வராது.

தண்ணி சூடா இருக்கக் கூடாது. கை பொறுக்கற வெதுவெதுப்பு போதும், நம்ம ஊரு வெயிலுக்கு பைப் தண்ணியே சரி. ஷீட்டை முழுசா முக்கி ஒரு சுத்து சுத்தி எடுத்துடுங்க, எடுக்கும்போது கொஞ்சம் விறைப்பா தான் இருக்கும், ஐயோ ஊறலையேன்னு மறுபடி போடாதீங்க, ஈரத் துணி மேலயோ பலகை மேலயோ போட்டு உள்ள சாமானை அடுக்கறதுக்குள்ள தானா இளகிடும். தண்ணிலயே இளகற வரைக்கும் விட்டா கையோட ஒட்டிக்கிட்டு வந்துடும்.

எறாவை ஓட்டோட உப்புத் தண்ணில வேகவச்சு, சிவந்ததும் உடனே ஐஸ் தண்ணில போட்டு, உரிச்சு நீளவாட்டுல ரெண்டா கீறிக்கோங்க. கடலூர்ல உங்களுக்கு எறாவுக்கா பஞ்சம், ஆனா ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், அப்ப மார்க்கெட்ல வர்றது பெரும்பாலும் பண்ணைல வளக்கற வனாமி எறா தான், அதுவும் பரவால்ல. பன்னிக்கறி வேணாம்னா கோழி நெஞ்சுக்கறி, அப்பாவுக்கு அதான் நல்லதும் கூட. நூடுல்ஸுக்கு கடைல விக்கிற காஞ்ச அரிசி சேவையே போதும், வேகவச்சு பச்சத்தண்ணில அலசி நல்லா வடிய விடணும், ஈரம் இருந்தா ரோல் உள்ளயே நைஞ்சு போயிடும்.

தழை தான் இதுல உயிரு, இதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. புதினா, கொத்தமல்லி இலையா கிள்ளிப் போடுங்க, நறுக்க வேணாம். அங்க போடற இன்னொரு வாசனை தழை தாய் பேசில். அதுக்கு துளசி போடாதீங்க, காரமா மருந்து வாசனை அடிக்கும். நம்ம திருநீத்துப் பச்சிலை இருக்குல்ல, சப்ஜா விதை வருமே அந்தச் செடி, அதுவும் தாய் பேசிலும் ஒரே இனம் தான். பூக்கடைல கெடைக்கறது மாலைக்கு வச்சது, மருந்து அடிச்சிருப்பாங்க, அதை சாப்பிட வேணாம். வீட்ல இருக்கிற சப்ஜா விதையையே ஒரு தொட்டில தூவி விடுங்க, சீக்கிரமே முளைச்சுடும், அப்புறம் அந்தக் கவலையே இல்ல.

சுத்தும்போது ஷீட்டோட கீழ்ப்பக்கம் லெட்டூஸ், அது மேல சேவை, தழை, கேரட், வெள்ளரி. ஒரு மடிப்பு இறுக்கி மடிச்சு, ரெண்டு ஓரத்தையும் உள்ள தள்ளி, அப்புறம் எறாவை சிவப்புப் பக்கம் கீழ பாக்க ஷீட் மேல வச்சு மீதியை உருட்டுங்க, அப்பத் தான் வெளியில இருந்து எறா அழகா தெரியும். ஒண்ணு மேல ஒண்ணு படாம வைங்க, ஒட்டிக்கிச்சுன்னா பிரிக்கும்போது தோல் கிழியும்.

கடலை சாஸுக்கு ஹாய்சின் சாஸ் பாட்டில் வாங்கி பீனட் பட்டரோட கலக்கறது சுலபம். இல்லன்னா வறுத்த வேர்க்கடலையை நைசா அரைச்சு, சோயா சாஸ், கொஞ்சம் வெல்லம், நசுக்கின பூண்டு, சுடுதண்ணி விட்டு கெட்டியா கலக்கிடுங்க. இன்னொரு சாஸு நுவாக் சாம், ஃபிஷ் சாஸ் ஒரு பங்கு, எலுமிச்சை சாறு ஒரு பங்கு, சர்க்கரை ஒரு பங்கு, தண்ணி மூணு பங்கு, பூண்டு பச்சமிளகா பொடியா நறுக்கிப் போடணும். ஆனா ஃபிஷ் சாஸும் சோயாவும் ரெண்டுமே உப்பு ஜாஸ்தி, இதய நோய் இருக்கிறவங்களுக்கு டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு குடுங்க, நான் எங்க மாமியாருக்கு தண்ணியும் எலுமிச்சையும் கூட விட்டு, ஓரமா லேசா தொட்டுக்க மட்டும் குடுப்பேன்.


குயிலாப்பாளையம்:

சைவம் சாப்பிடறவங்க இதைப் படிச்சா அவங்களுக்கும் ஒரு வரி. எறாவுக்கு பதில் டோஃபு. ஆரோவில்ல செய்யற டோஃபு பாண்டி கடைகள்லயே கெடைக்குது, தவால லேசா வாட்டி நீளமா வெட்டி வச்சுக்கலாம், மாம்பழ சீசன்ல ஒரு துண்டு மாம்பழமும் சேத்து சுத்துவேன். லெட்டூஸ் வாங்கறதுன்னா ஆரோவில் பக்கம் தோட்டத்துல இருந்து வர்ற காய்கறி கடைல காலைலயே வாங்குங்க. எங்க பக்கத்து கஃபேக்கள்ல இந்த ரோல் பெரும்பாலும் சைவமா தான் இருக்கும், எறா வேணும்னா போன்லயே கேட்டுடுங்க.


மஞ்சக்குப்பம்வாசி:

இவ்வளவு பேர் எழுதுவீங்கன்னு நான் நினைக்கவே இல்ல, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சைகோன்வீட்டு அக்கா, நீங்க எழுதினதை அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன், அவர் சின்ன வயசுல கடலூர் ஓ.டி.ல அவர்கூட படிச்ச பையன் வீட்லயும் சைகோன் தாத்தா ஒருத்தர் இருந்தாருன்னு ஆரம்பிச்சு ரொம்ப நேரம் பேசிக்கிட்டே இருந்தாரு. அந்தக் கோயிலையும் டூர்ல பாத்தோம் காரைக்கால் பாய், பள்ளிவாசல் தான் தெரியாம விட்டுட்டோம்.

ரெண்டே சந்தேகம். வீட்ல செய்யறவங்ககிட்ட வாங்கி கடலூர் வரைக்கும் கொண்டு வந்தா தாங்குமா? அப்புறம் ஃபிஷ் சாஸ் வாசனை அம்மாவுக்கு ஆகவே மாட்டேங்குது, பாட்டிலை திறந்தாலே எழுந்து போயிடறாங்க, அதுக்கு என்ன பண்றது?


சைகோன்வீட்டுப்பொண்ணு:

ரோலா சுத்தி கொண்டு போகாதீங்க தம்பி. செய்யறவங்ககிட்டயே சொல்லி எறா, கறி, சேவை, தழை எல்லாம் தனித்தனி டப்பால கேட்டு வாங்குங்க, எறா டப்பாவை மட்டும் ஐஸோட வச்சுக்கோங்க, இந்த வெயில்ல வெந்த எறாவை அப்படியே பஸ்ல கொண்டு போறது ஆபத்து. தழையை ஈரத் துணில சுத்தி வைங்க. கடலூருக்கு ஒரு மணி நேரம் தானே, வீட்டுக்குப் போய் அப்பாவையே சுத்தச் சொல்லுங்க. முதல் ரெண்டு மூணு கோணலா வரும், பரவால்ல, சாப்பிடலாம்.

சுத்தியே தான் கொண்டு போகணும்னா ஒவ்வொண்ணையும் தனியா லெட்டூஸ் இலைல சுத்தி, அது மேல கிளிங் ஃபிலிம் போட்டு, மூடின டப்பால வைங்க. நல்லா ஆறின எறாவா இருக்கணும், டப்பாவுக்கு அடியில ஐஸ் பேக் ஒண்ணு துணில சுத்தி வைங்க, ஐஸ் நேரா ரோல்ல படக்கூடாது. போனதும் சாப்பிட்டுடணும், ராத்திரிக்குன்னு வைக்காதீங்க.

அம்மாவுக்கு ஆகாத அந்த வாசனை விஷயம், ஃபிஷ் சாஸுங்கறது நெத்திலியையும் உப்பையும் மரத்தொட்டில ஒரு வருஷம் போல ஊற வச்சு எடுக்கறது, பாட்டில்ல இருக்கும்போது கடுமையா தான் இருக்கும். அம்மா முன்னாடி பாட்டிலைத் திறக்காதீங்க. சர்க்கரை, தண்ணி, எலுமிச்சை, பூண்டு எல்லாம் கலந்து கால் மணி நேரம் கழிச்சு கொண்டு வைங்க, வாசனை அடங்கிடும். அப்பவும் பிடிக்கலன்னா வற்புறுத்தாதீங்க, அவங்களுக்கு கடலை சாஸ் மட்டும் போதும்.

நெம் செய்யறவங்க நம்பர் எனக்குத் தெரிஞ்சவங்ககிட்ட கேட்டு வச்சிருக்கேன், அவங்க சம்மதம் வாங்கிட்டு உங்களுக்கு தனி மெசேஜ்ல அனுப்பறேன். ஞாயித்துக்கிழமை பூசைக்கு போயிடுவாங்க, வேற நாள்ல கூப்பிடுங்க.